பதினான்காவது கேள்வி

படிவத்தில் அறுபத்தைந்து கேள்விகள் இருந்தன. அவன் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டான்.

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள், கருவிப் பெட்டியின் மூடிமேல் தாளை வைத்து எழுதினான். லிஃப்ட் மெக்கானிக்குத் தனிமை அங்கேதான் கிடைக்கும். லிஃப்ட்டை நிறுத்தி, கீழே ‘பழுதுபார்ப்பு நடக்கிறது’ என்ற பலகையை மாட்டிவிட்டால் இருபது நிமிடம் யாரும் தேடமாட்டார்கள். இருபத்தொன்றாவது நிமிடத்தில் நாலாவது மாடிக்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து சண்டைக்கு நிற்பார்.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டங்கள். எப்போதும், அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை. பதினான்காவது கேள்வி இது: ‘அன்றாட ஒழுங்கில் சிறிய மாற்றம் வந்தாலும் உங்கள் குழந்தை கடுமையாகக் கலங்குகிறதா?’ அவன் ‘ஒருபோதும் இல்லை’ கட்டத்தில் குறியிட்டான். யோசிக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வீட்டில் அவள் அப்படிக் கலங்கி அவன் பார்த்ததில்லை.

குழந்தைக்கு எட்டு வயது. வீட்டில் தும்பி என்று கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்காரமாட்டாள்; உட்கார்ந்துவிட்டால் அசையமாட்டாள். இரண்டையும் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா வைத்த பெயர். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன்பிறகு அவன் வேலைக்குப் போனான், வந்தான், சமைத்தான், மகளைத் தூங்கவைத்தான். எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பான். அது அவனுக்கே வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் மூன்று சம்பவங்கள். முதல் தடவை தும்பி மேசைக்கு அடியில் புகுந்து ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை தண்ணீர் பாட்டிலை வீசினாள்; ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. மூன்றாவது தடவை, இழுத்து எழுப்பப் போன வகுப்பு ஆசிரியையின் கையைக் கடித்துவிட்டாள்.

மூன்று சம்பவம் ஆனால் பிள்ளையைப் பின்கட்டடத்துக்கு மாற்றுவது அந்தப் பள்ளியின் விதி. பின்கட்டடத்தில் இருப்பது ஒரே அறை. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை பதினொரு பிள்ளைகள். பாடம் கிடையாது. வண்ணம் தீட்டலாம், மணி கோக்கலாம், மணி அடித்ததும் வீட்டுக்குப் போகலாம். அங்கே போன பிள்ளை ஒன்றுகூட முன்கட்டடத்துக்குத் திரும்பி வந்ததில்லை. நூறு வரை பெருக்கலை மனசுக்குள் போடுகிற தும்பியை அங்கே அனுப்பலாமா என்று முடிவெடுக்க அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று சொல்லித்தான் அந்தப் படிவம் வந்தது.

வெள்ளிக்கிழமை உளவியலாளர் அறிக்கையைக் கொடுத்தார். நடுவயதுப் பெண். மேசையில் கட்டைகள், பொம்மைக் கார்கள், வாய் திறந்த ஒரு துணி முதலை.

“சார், ஏடிஹெச்டி, அதான் கவனக்குறைவும் துறுதுறுப்பும், தெளிவா இருக்கு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆட்டிசமும் இருக்குமோன்னு பார்த்தேன். இந்த ரூம்ல சில விஷயம் எனக்கு இடிச்சுது. ஆனா வீட்டுல ஒண்ணுமே இல்லன்னு நீங்க எழுதியிருக்கீங்க. பள்ளிக்கூடத்துல மட்டும் தெரியுது, வீட்டுல தெரியலன்னா அத நான் ஆட்டிசம்னு எழுத முடியாது.”

“இல்லன்னா நல்லதுதானே?”

“நல்லதா கெட்டதான்னு நான் பார்க்கறதில்ல சார். சரியா தப்பான்னுதான்.” உறையை நீட்டியவர், கொஞ்சம் தயங்கிச் சொன்னார். “ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ஆட்டிசம்னு இருந்தா, வகுப்புலயே பக்கத்துல உட்கார ஒரு துணை ஆசிரியர கல்வி அலுவலகம் அனுப்பும். ஏடிஹெச்டிக்கு அனுப்பமாட்டாங்க. மாத்திரை கொடுத்துப் பாருங்கம்பாங்க.”

அவன் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தாள். தும்பிக்குத்தான் பெரியம்மா, அவனுக்கு மனைவியின் அக்கா, அண்ணி. கூட்டம் முடியும்வரை இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இரண்டு பஸ் மாறி, இரண்டு பைகளோடு வந்தாள். அவள் வாய் ஓயாது, கையும் ஓயாது.

ஞாயிறு மதியம் அவனும் தும்பியும் லிஃப்ட் பார்க்கப் போவார்கள். அது அவர்கள் பழக்கம். அன்று பன்னிரண்டு மாடிக் கட்டடம். “அப்பா, இதுல பதிமூணாம் நம்பர் பொத்தான் இருக்கு, ஆனா பன்னெண்டு மாடிதான். ஏன்னா நாலு இல்ல” என்று போகும்போதும் சொன்னாள், வரும்போதும் சொன்னாள். நாலு என்ற எண்ணை ராசியில்லை என்று விட்டுவிட்ட கட்டடங்கள் எவை, பதிமூன்றை விட்டவை எவை என்று அவன் கம்பெனி பராமரிக்கிற நாற்பத்தாறு கட்டடங்களும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் தும்பி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது நம்ம வீடு இல்ல.”

பெரியம்மா வீட்டைப் புரட்டிப் போட்டிருந்தாள். சாப்பாட்டு மேசை சுவரோரத்திலிருந்து ஜன்னலுக்குப் போயிருந்தது. புதுத் திரைச்சீலை. அடுப்புக்கு மேலே வரிசையாக இருந்த மூன்று கோப்பைகள் அலமாரிக்குள் போய்விட்டன. சுவரில் மூன்று வருடத்துக்கு முந்தைய காலண்டர் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

“எப்படி இருக்கு பாரு என் தங்கம்! காத்து வருது, வெளிச்சம் வருது” என்றாள் பெரியம்மா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

தும்பி உள்ளே ஓடினாள். ஒரு கோப்பையை எடுத்து அடுப்பின் மேலே வைக்கப் போனாள். பாதி வழியில் திரைச்சீலை கண்ணில் பட்டது. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரைச்சீலையைப் பிடித்து இழுத்தாள். அது வருவதற்குள் மேசை. மேசையைத் தள்ளத் தொடங்கியவளுக்குக் காலண்டர் ஞாபகம் வந்தது. காலண்டரைத் தேடிப் போகிற வழியில் கோப்பையில் கால் பட்டு அது உருண்டது. எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தாக வேண்டும் அவளுக்கு. ஒன்றையும் முடிக்க முடியவில்லை. நடு வீட்டில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் ஒரு சத்தம் போட்டாள். அவன் அதுவரை கேட்டிராத சத்தம். மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

“ஐயையோ, என்னடி ஆச்சு! நான் என்ன பண்ணிட்டேன்!” என்று பெரியம்மா குனிந்தாள்.

“தொடாதீங்க அண்ணி.”

அவன் மேசையை அவள் தலைக்கு மேலேயே மெல்லத் தூக்கிச் சுவரோரம் நகர்த்தினான். தும்பியும் அதனடியிலேயே நகர்ந்தாள். திரைச்சீலையைக் கழற்றினான். காலண்டரைத் தேடியெடுத்து மாட்டினான். கோப்பைகளை வரிசையாக வைத்தான். நடுக்கோப்பையின் பிடி இடதுபக்கம் பார்த்தது. ஒவ்வொன்றும் இருந்த இடம் அவனுக்கு யாரும் சொல்லாமலேயே தெரிந்திருந்தது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நிற்கவில்லை.

“நீலச் செருப்பு” என்றாள் அடியிலிருந்து. “நீலச் செருப்பு. நீலச் செருப்பு.”

குளியலறை வாசலில் கிடந்த அவன் மனைவியின் ரப்பர் செருப்பு. பெரியம்மா அதைக் குப்பையில் போட்டிருந்தாள். அவன் ஐந்து மாடி இறங்கிப் போய், குப்பைத் தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து, பையைக் கண்டுபிடித்து எடுத்துவந்தான். கழுவி வைத்தான். அதற்குள் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது. தும்பி வெளியே வந்து செருப்பைப் பார்த்தாள், காலால் ஒரு விரற்கடை நகர்த்தினாள், போய்த் தூங்கிவிட்டாள்.

சமையலறையில் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் வாயை விடவில்லை.

“இது வீடா தம்பி? காட்சிசாலை. மூணு வருஷமா ஒரு கரண்டி இடம் மாறல. நீங்க துக்கத்துல வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். சரி, யாராவது ஒருத்தர் கைவச்சாதான் விடியும்னு பார்த்தேன்.”

“நானும் துக்கம்னுதான் நினைச்சேன்.”

அவன் போய்ப் படிவத்தின் நகலை எடுத்துவந்தான். பதினான்காவது கேள்வியை உரக்கப் படித்தான். பிறகு பெரியம்மாவைப் பார்த்தான்.

“மாத்தம் வந்தா கலங்குமான்னு கேக்கறாங்க. இங்க மாத்தமே வரலயே அண்ணி.”

“இங்க குடுங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரிசையாகப் படித்தாள். “‘குறிப்பிட்ட சில உணவை மட்டுமே சாப்பிடுகிறதா?’ இல்லன்னு போட்டிருக்கீங்க! தினம் முட்டையும் ரொட்டியும்தான வைக்கறீங்க, வேற எத வேணாம்னு சொல்லும் அது? ‘புதியவர்கள் வீட்டுக்கு வந்தால் ஒளிந்துகொள்கிறதா?’ இல்ல. யாரு வர்றா இங்க? கேஸ் சிலிண்டர்காரன் தவிர? ‘ஒரே விஷயத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறதா?’ இல்ல!” கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். “தம்பி, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடும்போது பேசறத ஒருநாள் நீங்க வெளியாள் மாதிரி உட்கார்ந்து கேக்கணும்.”

“லிஃப்ட்டப் பத்திப் பேசுவோம்.”

“அதத்தான் சொல்றேன்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனசுக்குள் எதுவோ நகர்ந்தது. லிஃப்ட்டைப் பற்றி ஓயாமல் பேசுவதை ஒரு லிஃப்ட் மெக்கானிக் எப்படி விநோதம் என்று எழுதுவான்?

பெரியம்மா படிவத்தைக் கீழே வைத்தாள். குரல் மாறிவிட்டது. “அவ அப்பவே சொன்னா.”

“யாரு?”

“யாருன்னா? என் தங்கச்சிதான்.” கைப்பேசியை எடுத்து, வெகுநேரம் மேலே தள்ளித் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தி அவனிடம் நீட்டினாள். குறுஞ்செய்திகள். தும்பிக்கு இரண்டரை வயதான சமயத்துத் தேதி.

‘அக்கா, இன்னைக்கு சோபாவ நகர்த்தினேன். ஒரு மணி நேரம் அழுதா. திரும்ப வச்சதும் நிறுத்திட்டா.’

அடுத்தது நான்கு மாதம் கழித்து. ‘பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல. பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட் மணி சத்தத்துக்குத் திரும்பறா. காது நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றார்.’

மூன்றே கால் வயதில்: ‘மூடிய எல்லாம் வரிசையா வைக்கிறா அக்கா, ஆனா முடிக்கிறதுக்குள்ள வேற எதுக்கோ ஓடிடறா, அப்புறம் வரிசை முடியலன்னு அழறா. இது என்ன ரகம்னே புரியல.’

கடைசியாக ஒன்று. ‘அவர்கிட்ட சொன்னேன். எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்னு சிரிக்கிறார். லிஃப்ட்டுக்கு மட்டும்தான் செக்கப் வேணும்னு நினைக்கிறார் போல.’

அவன் இன்னொரு முறை படிக்கவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான்.

“நாளைக்கு லீவு போடறேன். நீங்களும் வாங்க.”

திங்கட்கிழமை உளவியலாளர் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை மூடிவைத்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. துணை ஆசிரியர் கிடைப்பாங்கன்னு வெள்ளிக்கிழமை நான் சொன்னேன். திங்கட்கிழமை நீங்க வந்து பதில மாத்தணும்கிறீங்க. என் இடத்துல நீங்க இருந்தா?”

“நம்பமாட்டேன்.”

“அப்ப?”

“என்ன நம்ப வேணாம். அவங்கம்மாவ நம்புங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு உங்க துணை ஆசிரியரத் தெரியாது.”

பெரியம்மா கைப்பேசியை மேசையில், துணி முதலைக்குப் பக்கத்தில் வைத்தாள். “தேதியப் பாருங்க மேடம். நல்லாப் பாருங்க. நான் இதுல ஒண்ணும் அழிக்கத் தெரிஞ்சவ இல்ல, மாத்தி எழுதத் தெரிஞ்சவளும் இல்ல.”

உளவியலாளர் படித்தார். ஒவ்வொரு தேதியையும் தாளில் குறித்துக்கொண்டார். பெரியம்மாவிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், கையை நீட்டிக் காட்டினாளா, மற்ற பிள்ளைகளோடு என்ன விளையாடினாள். பிறகு தும்பியை அழைத்து, கட்டைகளை அடுக்கச் சொல்லி, நடுவில் எதுவும் சொல்லாமல் ஒரு பெட்டியை இடம் மாற்றினார். அவன் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். தும்பி பெட்டியைத் திரும்ப வைத்தாள். உளவியலாளர் மறுபடி மாற்றினார். தும்பி அவர் கையைப் பார்த்து, “உங்களுக்கு ரூல் தெரியல” என்றாள்.

வெளியே வந்து உளவியலாளர் அவனிடம் சொன்னார். “ஒண்ணு அவள ஒரே இடத்துல நிக்கச் சொல்லுது. இன்னொண்ணு அடுத்ததுக்கு ஓடுன்னு தள்ளுது. அதனால வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு ரெண்டுமே அரைகுறையாத் தெரியும். ஒழுங்கா வரிசை வைக்கல, அதனால ஆட்டிசம் இல்லம்பாங்க. ஒரு மணி நேரம் ஒரே புத்தகத்தப் பார்க்கறா, அதனால கவனக்குறைவு இல்லம்பாங்க.”

“ரெண்டும் சேர்ந்து இருக்குமா?”

“நிறையப் பேருக்கு இருக்கு. முன்னாடி ரெண்டையும் சேர்த்து எழுதக்கூடாதுன்னே விதி. அத மாத்திப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் பல பேர் மனசுல மாறல.” கையிலிருந்த தாளைப் பார்த்தார். “நானும் உங்க தாள மட்டும் பார்த்துட்டு விட்டிருக்கக்கூடாது. அது என் தப்பு. ஆனா சார், முழுசாத் திரும்பச் செய்யணும். வகுப்புல வந்து பார்க்கணும். ரெண்டு வாரம் ஆகும்.”

“வியாழக்கிழமை கூட்டம்.”

“பரிசோதனை மறுபடி நடக்குதுன்னு ஒரு கடிதம் தர்றேன். அவ்வளவுதான் முடியும்.”

வியாழக்கிழமை பத்து மணி. தலைமையாசிரியையின் அறையில் மூன்று நாற்காலிகள். தலைமையாசிரியை, வகுப்பு ஆசிரியை, அவன். பெரியம்மாவும் தும்பியும் வெளியே தாழ்வாரத்தில். மேசையில் இடமாற்றுப் படிவம் தயாராக இருந்தது. பெயர் எழுதியாகிவிட்டது. பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. அவன் கடிதத்தைக் கொடுத்தான்.

தலைமையாசிரியை படித்துவிட்டு மடித்தார். “போன வாரம் ஒண்ணுன்னு அறிக்கை வந்துச்சு. இந்த வாரம் இன்னொண்ணுங்கறீங்க. ஒரு பிள்ளைக்கு எத்தன பேர்தான் வாங்குவீங்க சார்?”

“எத்தன இருக்கோ அத்தன.”

“நான் பிள்ளைக்கு எதிரி இல்ல. வகுப்புல முப்பத்திநாலு பிள்ளைங்க. டீச்சர் கையில நாலு பல் தடம். அந்தப் பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல?”

“சொல்லணும்.” அவன் வகுப்பு ஆசிரியையின் பக்கம் திரும்பினான். இளம்பெண். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். “டீச்சர், கடிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. அத நான் சரின்னு சொல்லமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முதல் சம்பவம் நடந்த அன்னைக்கு வகுப்புல என்ன மாத்துனீங்க?”

“மாத்தறதா?”

“நாங்க லிஃப்ட் நின்னுபோனா முதல்ல மோட்டாரப் பார்க்கமாட்டோம். கடைசியா யார் எதுல கைவச்சாங்கன்னு கேப்போம். யாருமே கைவைக்கலன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. பதிவேட்டப் பார்த்தா யாராவது வச்சிருப்பாங்க.”

“இது லிஃப்ட் இல்ல சார்” என்றார் தலைமையாசிரியை.

“தெரியும் மேடம். லிஃப்ட்டா இருந்தா இதுக்குள்ள சரி பண்ணியிருப்பேன்.”

வகுப்பு ஆசிரியை தன் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். “அன்னைக்கு உட்காரும் இடம் மாத்தினேன். எல்லாருக்கும்.”

“ரெண்டாவது?”

தாள்கள் சரசரத்தன. “விளையாட்டு பீரியடும் கணக்கும் மாறுச்சு. மழை.”

“மூணாவது?”

அவர் பார்க்கவேயில்லை. நோட்டை மூடிவிட்டார். “எனக்கு ஞாபகம் இருக்கு. மணிய மாத்துனோம். பழைய மணிக்குப் பதிலா அந்தப் பாட்டு மணி. அன்னைக்குத்தான் முதல் நாள். மணி அடிச்சதும் அவ காதப் பொத்திட்டுக் கீழ உட்கார்ந்தா. நான் எழுந்திரு எழுந்திருன்னு கையப் பிடிச்சு இழுத்தேன்.” தலைமையாசிரியையைப் பார்த்தார். “மேடம், நான்தான் இழுத்தேன்.”

வெளியே பெரியம்மா, “ஏன்டி, ஏழாம் மாடி பொத்தான் ஏன்டி சிவப்பு?” என்று கேட்பதும், தும்பி பொறுமையாக முதலிலிருந்து விளக்குவதும் கேட்டது.

“சரி, இது மூணு நாள்” என்றார் தலைமையாசிரியை. “மத்த நாள்ல? நாற்பது தடவ எழுந்திரிக்கிறா. பென்சில் எங்க, நோட்டு எங்க, ஒண்ணும் தெரியாது. அதுக்கும் நான் மணியத்தான் காரணம் சொல்லணுமா?”

“இல்ல மேடம். அது இன்னொண்ணு. அதுவும் இருக்கு. ஒண்ணச் சொன்னா இன்னொண்ண இல்லன்னு ஆக்காதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.”

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை, களைத்தவர். “சரி. அறிக்கை வரட்டும். ரெண்டு வாரம் தள்ளிவைக்கிறேன். அதுவரைக்கும் பிள்ளைய வீட்டுல வச்சுக்குங்க.”

“மாட்டேன்.”

“என்னது?”

“ரெண்டு வாரம் வீட்டுல இருந்தா அப்புறம் வகுப்பே அவளுக்குப் புது இடம். அப்ப நாலாவது சம்பவம் நிச்சயம். நாளைக்கு எட்டு மணிக்கு வருவா. வகுப்புக்கு.”

“துணைக்கு ஆள் இல்லாம நான் அனுமதிக்க முடியாது சார். விதி இருக்கு.”

“விதியில பெற்றோர் துணைக்கு உட்காரக்கூடாதுன்னு இருக்கா?”

தலைமையாசிரியை விதிப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். அப்படி ஒரு விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. எந்தப் பெற்றோரும் அதுவரை கேட்டதில்லை.

“கையெழுத்து?” என்றார், இடமாற்றுப் படிவத்தைக் கண்ணால் காட்டி.

அவன் அதை எடுத்தான். நான்காக மடித்தான். கிழிக்கவில்லை, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“அது பள்ளிக்கூடத்துத் தாள் சார்.”

“பேர் என் பொண்ணு பேர் மேடம்.”

தாழ்வாரத்தில் பெரியம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். “என்ன தம்பி, காயா பழமா?”

“நாளைக்குப் பள்ளிக்கூடம் போறோம்.”

“போறோமா? யாரு யாரு?”

மேற்பார்வையாளரிடம் போனில் லீவு கேட்டான். எத்தனை நாள் என்றார். தெரியாது என்றான். நாற்பத்தாறு கட்டடத்தை யார் பார்ப்பது என்று அவர் கத்தினார். “படியில ஏறட்டும்” என்று சொல்லிவிட்டு வைத்தான். சொன்னபிறகு அது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில், எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலியில், முழங்கால் இரண்டும் மார்பில் இடிக்க உட்கார்ந்தான். முப்பத்திமூன்று பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. ஒரு பையன் எழுந்து, “அங்கிள், நீங்க ஃபெயில் ஆயிட்டீங்களா?” என்று கேட்டான்.

“ஆமா. ஒரு கேள்விக்குத் தப்பா பதில் எழுதிட்டேன்” என்றான் அவன்.

தும்பி மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு ஆசிரியை அவளுக்குப் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார். இரண்டாவது வரிசை, ஜன்னல் பக்கம். அவள் அங்கிருந்து எழுந்து வந்து அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்பா, இங்க பேசக்கூடாது. எழுந்திரிக்கக்கூடாது. தண்ணி குடிக்கணும்னா கேக்கணும்.”

“நீ எழுந்து வந்திருக்கியே?”

அவள் யோசித்தாள். “எனக்குத் தெரியாமலே வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

அப்படி எட்டுப் பள்ளி நாள். அவன் செய்தது பெரிய காரியம் எதுவும் இல்லை. மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது எழுந்துபோய் அவள் மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டுவான். அவள் காதைப் பொத்திக்கொள்வாள். பென்சில் விழுந்தால் எடுத்துக் கொடுப்பான். பீரியட் மாறினால் காலையிலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதச் சொல்வான். வகுப்பு ஆசிரியை எழுதினார், நாலாம் நாளிலிருந்து அவன் சொல்லாமலேயே எழுதினார். ஒருநாள் தலைமையாசிரியை கதவருகே வந்து ஒரு முழு பீரியட் நின்றார். ஐந்தாவது நாள் தும்பி ஒரு பையனின் அழிப்பானைப் பிடுங்கி அழவைத்தாள். அது சம்பவம் இல்லை, அழிப்பான் சண்டை என்று வகுப்பு ஆசிரியையே தீர்ப்பு சொல்லிவிட்டார். இடையில் ஒருநாள் உளவியலாளர் வந்து மூலையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனார்.

அறிக்கை ஒன்பதாம் நாள் வந்தது. பன்னிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. ஆட்டிசம் நிறமாலைக் குறைபாடு. கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் ‘உடன்’ என்று ஒரு சொல்.

பெரியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். “ரெண்டாடா சாமி! ஒண்ணே தாங்காதே.”

“ரெண்டும் இன்னைக்கு வந்ததில்ல அண்ணி. எட்டு வருஷமா நம்ம வீட்டுலதான் இருக்கு.”

அவன் அறிக்கையை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனான். அவர் கடைசிப் பக்கத்தைப் படித்தார். அலமாரியிலிருந்து பெரிய பதிவேடு ஒன்றை எடுத்தார். துணை ஆசிரியர் வேண்டிக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் அதில் பதிய வேண்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் எழுதினார். ‘குறைபாட்டின் வகை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“சார், இதுல ஒண்ணுதான் எழுத முடியும். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம்தான். துணை ஆசிரியருக்கு ஆட்டிசம் போதும். அத மட்டும் எழுதிடறேனே. உங்க காரியம் ஆயிடுச்சுல்ல?”

ஆகிவிட்டதுதான். பின்கட்டடம் இல்லை. வகுப்பும் ஜன்னல் பக்கமும் அவளுக்கே. சரி என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போகலாம்.

“மாட்டேன் மேடம். வர்ற துணை ஆசிரியர் இந்தப் பதிவேட்டத்தான் பார்ப்பாங்க. ஒண்ணப் பார்த்துட்டு, ஏன் எழுந்து எழுந்து ஓடுதுன்னு திட்டுவாங்க. ரெண்டையும் எழுதுங்க.”

“கட்டம் சின்னது சார். இடம் பத்தாது.”

“இடம் பத்தலன்னா எழுத்தச் சின்னதாக்குங்க. என் பொண்ணச் சின்னதாக்காதீங்க.”

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியை இறக்கி, குனிந்து, எறும்பு எழுத்தில் எழுத ஆரம்பித்தார். முதல் வரி கட்டத்துக்குள் அடங்கியது. இரண்டாவது வரி கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்தில் புகுந்து, ஓரம்வரை போயிற்று. அவன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தான்.

“சரியா இருக்கா?” என்றார்.

“இருக்கு” என்றான். மை காய்கிறவரை அங்கேயே நின்றான்.